படிப்பதா, பார்ப்பதா: வெஸ்டரோஸ் மனிதர்களிடம் எந்த வழியாகப் போவது?

என் அக்கா மகளுக்கு செமஸ்டர் லீவு. "சித்தி, கேம் ஆஃப் த்ரோன்ஸ் ஆரம்பிக்கலாம்னு இருக்கேன். புக்கைப் படிச்சிட்டுப் பார்க்கணுமா, நேரா சீரிஸே பார்க்கலாமா?" என்று போனில் கேட்டாள். "புத்தகம்தான்" என்று சொல்ல வாயெடுத்து, நிறுத்திக்கொண்டேன். நாவல்களை இரண்டு முறை படித்திருக்கிறேன். தொடரை முழுதாக ஒரு தடவையும், முதல் நான்கு சீசன்களைப் பல தடவையும் பார்த்திருக்கிறேன். எந்தக் கதையானாலும் "புத்தகம்தான் உசத்தி" என்று சொல்லிவிடுவது நமக்குப் பழக்கம். இந்தக் கதையில் அது பாதி உண்மைதான். டிரியன் லானிஸ்டரைத் தெரிந்துகொள்ள நாவல்தான் வேண்டும். அவனுடைய அப்பா டைவினைத் தெரிந்துகொள்ளத் தொடர்தான் வேண்டும். ஏன் இப்படி ஆகிறது என்று அவளுக்கு எழுதி அனுப்பியதைத்தான் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

ஸ்பாய்லர் பற்றி ஒரு வார்த்தை. யார் சாகிறார்கள் என்கிற பெரிய அதிர்ச்சிகளைக் கூடியவரை தவிர்த்திருக்கிறேன். ஆனால் ஜேமி, டிரியன் பற்றிய பகுதிகளில் மூன்றாம் நாவலின் முக்கியமான இடங்கள் வருகின்றன. வேண்டாம் என்பவர்கள் அவற்றைத் தாண்டிவிடுங்கள்.

முதலில், கையில் என்னென்ன இருக்கிறது என்று பார்த்துவிடலாம். வெஸ்டரோஸ் என்ற கற்பனை நாட்டுக் கதையான, ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் 'எ சாங் ஆஃப் ஐஸ் அண்ட் ஃபயர்' வரிசையில் ஐந்து நாவல்கள் வந்திருக்கின்றன. முதலாவது 1996இல், ஐந்தாவது 2011இல். மொத்தம் ஏழு என்பது திட்டம். ஆறாவதுக்காக வாசகர்கள் இன்னும் காத்திருக்கிறார்கள். அவற்றை வைத்து எச்பிஓ சேனல் எடுத்த கேம் ஆஃப் த்ரோன்ஸ் 2011 ஏப்ரலில் தொடங்கி 2019 மே மாதம் முடிந்தது. எட்டு சீசன், 73 எபிசோட், ஏறத்தாழ 70 மணி நேரம். அந்தக் கதைக்கு சுமார் 170 ஆண்டுகளுக்கு முன்னால் நடக்கும் டார்கேரியன் குடும்பச் சண்டையைச் சொல்வது ஹவுஸ் ஆஃப் தி டிராகன். அது 2022இல் தொடங்கியது, அதற்கு மூலம் 2018இல் வந்த 'ஃபயர் அண்ட் பிளட்'. இவை போக டங்க், எக் என்ற இருவரைப் பற்றிய மூன்று குறுநாவல்களும் உண்டு.

வாங்குகிறவர்களுக்கு ஒரு தகவல். நம் ஊர்க் கடைகளில் பரவலாகக் கிடைக்கும் பிரிட்டிஷ் பதிப்பில் மூன்றாம் நாவலும் ஐந்தாம் நாவலும் இரண்டிரண்டு பாகங்களாக வரும். அதனால் பெட்டியில் ஏழு புத்தகங்கள் இருக்கும். ஏழு நாவலும் வந்து கதை முடிந்துவிட்டது என்று நினைத்து வாங்கிவிடக் கூடாது.

இப்போது விஷயத்துக்கு வருவோம். இந்த நாவல்களில் அத்தியாயங்களுக்கு எண் கிடையாது. பெரும்பாலும் ஒரு பெயர்தான் தலைப்பு. 'பிரான்' என்று போட்டிருந்தால் அந்த அத்தியாயம் முழுக்க பிரான் பார்ப்பதும் கேட்பதும் நினைப்பதும் மட்டும்தான். அவனுக்குத் தெரியாதது நமக்கும் தெரியாது. முதல் நாவலில் முன்கதையைத் தள்ளிவிட்டால் எட்டே பேரின் மண்டைக்குள்தான் நாம் இருக்கிறோம்: நெட், கேட்லின், சான்ஸா, ஆர்யா, பிரான், ஜான் ஸ்னோ, டிரியன், டெனேரிஸ். ராஜா ராபர்ட்டின் மனசுக்குள் போக முடியாது. அவர் மனைவி ராணி செர்ஸியின் மனசுக்குள் நான்காவது நாவலில்தான் நுழைகிறோம். கேமராவுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. அது யார் அறைக்குள்ளும் போய் நின்றுகொள்ளும். ஆனால் யார் மனசுக்குள்ளும் போகாது. எந்தப் பாத்திரம் எதில் நன்றாக வந்திருக்கிறது என்பதை ஏறக்குறைய இந்த ஒரு வித்தியாசமே தீர்மானித்துவிடுகிறது.

ஜேமி லானிஸ்டரை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு நாவல்களிலும் அவனுக்கென்று அத்தியாயம் இல்லை. ஜன்னலிலிருந்து ஒரு சிறுவனைத் தள்ளிவிட்டவன், காக்க வேண்டிய ராஜாவையே முதுகில் குத்தியவன் என்று மற்றவர்கள் வழியாகத்தான் தெரியும். ஆயிரம் பக்கங்களுக்கு மேல் அவனை வெறுத்துப் பழகிய பிறகு, மூன்றாம் நாவலில் திடீரென்று 'ஜேமி' என்று ஒரு தலைப்பு வருகிறது. எனக்கு முதல் தடவை அதைப் புரட்டியபோது எரிச்சல்தான் வந்தது. நூறு பக்கம் போவதற்குள் அவனுக்காகப் பதறிக்கொண்டிருந்தேன்.

ஹாரன்ஹால் என்ற கோட்டையில் ஒரு குளியலறைக் காட்சி உண்டு. வாள் பிடிக்கும் கை போய், காய்ச்சலில் கிடக்கும் ஜேமி, தன்னோடு வரும் போர்வீராங்கனை பிரியனிடம் முதன்முறையாக அந்த ராஜாவை ஏன் கொன்றேன் என்று சொல்கிறான். ஊர் முழுக்க நிலத்தடியில் 'காட்டுத்தீ' என்ற எரிதிரவ ஜாடிகளைப் புதைத்து வைத்து, எல்லாரையும் எரித்துவிடச் சொன்ன ராஜா அவர். சொல்லி முடித்து மயங்கி விழுகிறான். பிரியன் "ராஜாவைக் கொன்றவன் விழுந்துவிட்டான்" என்கிற மாதிரி காவலர்களைக் கூப்பிடுகிறாள், அந்தப் பட்டப்பெயரைச் சொல்லித்தான். நாவலில் அவன் தனக்குள் நினைத்துக்கொள்கிறான்: என் பேர் ஜேமி. தொடரில் அதையே வாய் திறந்து அவளிடம் சொல்கிறான். நிக்கோலாய் காஸ்டர்-வால்டாவ் நடிப்பைக் குறை சொல்ல முடியாது, அந்தக் குரலில் உடம்பே சிலிர்க்கும். ஆனாலும் நாவலில் அது யார் காதிலும் விழவில்லை. படித்த நமக்கு மட்டும்தான் தெரியும். அந்த ரகசியத்தைச் சுமந்துகொண்டு மற்றப் பாத்திரங்கள் அவனைத் திட்டுவதைக் கேட்கும்போது வரும் தவிப்பு, பார்க்கிறவருக்கு அதே அளவில் கிடைக்காது.

டிரியன் விஷயத்தில் இழப்பு இன்னும் பெரிது. மூன்றாம் நாவலின் முடிவில் அண்ணன் ஜேமி அவனைச் சிறையிலிருந்து தப்ப வைக்கிறான். தொடரில் இருவரும் கட்டிப்பிடித்து, கண் கலங்கிப் பிரிகிறார்கள். நாவலில் அந்த இருட்டில் ஜேமி ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறான். பதின்மூன்று வயதில் டிரியன் கல்யாணம் செய்துகொண்ட டைஷா, காசுக்காக வந்தவள் என்று அத்தனை வருடம் அவனை நம்ப வைத்திருந்தார்கள். அது பொய். அவள் உண்மையிலேயே அவனை விரும்பிய ஏழைக் குடியானவன் மகள். அப்பா சொல்லச் சொன்னதால் ஜேமி பொய் சொன்னான். டிரியன் அண்ணனை அறைகிறான். புண்படுத்த வேண்டும் என்றே, செய்யாத ஒரு கொலையைச் செய்ததாகச் சொல்கிறான். அக்கா செர்ஸி யார் யாரோடு படுத்தாள் என்று பெயர்களை அடுக்குகிறான். அப்புறம்தான் அப்பாவின் அறைக்குப் போகிறான்.

இந்த ஒரு உரையாடலைத் தொடர் விட்டுவிட்டது. அதனால் போனது ஒரு காட்சியோடு நிற்கவில்லை. ஐந்தாம் நாவலில் டிரியன் ஊர் ஊராகக் குடித்துக்கொண்டும், டைஷா எங்கே போனாள் என்று கேட்டுக்கொண்டும் கசந்துபோய் அலைவதற்குக் காரணம் இதுதான். ஜேமி அக்காவிடமிருந்து மெல்ல மெல்ல விலகி, நான்காம் நாவலின் முடிவில் அவளுடைய கடிதத்தைத் தீயில் போடச் சொல்வதற்கும் காரணம் இதுதான், தம்பி சொன்ன அந்தப் பெயர்கள் மண்டையில் சுற்றிக்கொண்டே இருக்கின்றன. தொடரில் டிரியன் கொஞ்சம் கொஞ்சமாகப் புத்திசாலியான நல்ல ஆலோசகர் ஆகிவிடுகிறார், ஜேமி பல சீசன்கள் அக்காவின் பக்கத்திலேயே நிற்கிறான். பீட்டர் டிங்க்லேஜ் இந்தப் பாத்திரத்துக்காக நான்கு எம்மி விருதுகள் வாங்கினார், ஒவ்வொன்றும் தகும். ஆனால் அவருக்குக் கொடுத்த டிரியன், நாவலின் டிரியனில் இனிப்பான பாதி.

கேட்லினுக்கு நடந்தது எனக்கு இன்னும் ஆறவில்லை. முதல் நாவலில், தலைநகருக்குப் போய் ராஜாவுக்கு அமைச்சராக இரு என்று நெட்டைத் தூண்டுகிறவள் அவள்தான், மறுத்தால் ராஜா சந்தேகப்படுவார் என்று கணக்குப் போட்டுச் சொல்கிறாள். தொடரில் அவள் போகாதே என்று கணவனைத் தடுக்கிறாள். முதல் காட்சிகளிலேயே அரசியல் தெரிந்த ஒருத்தியிடமிருந்து அரசியலை எடுத்துவிட்டு, கவலைப்படும் அம்மாவாக நிறுத்திவிட்டார்கள். படைத்தலைவர்கள் எல்லாரும் பழிக்குப் பழி என்று கத்தும் கூடத்தில், எழுந்து நின்று சமாதானம் பேசலாம் என்று சொல்கிறவளும் நாவலின் கேட்லின்தான். அவள் கண் வழியாகத்தான் மகன் ராபை நாம் பார்க்கிறோம், அவனுக்கு நாவலில் ஒரு அத்தியாயம்கூடக் கிடையாது. காயம்பட்டுக் கிடந்த இரவில் தம்பிகளைப் பற்றிய கெட்ட சேதி வர, ஆறுதல் சொன்ன பெண்ணோடு இருந்துவிட்டு, அவள் மானத்துக்காக மறுநாளே மணந்துகொள்கிறான். அப்பா கற்றுக்கொடுத்த நேர்மையே அவன் காலை வாருகிறது. தொடரில் அது வேறொரு பெண்ணோடு வரும் காதல் கதை. மூன்றாம் நாவலின் கடைசிப் பக்கங்களில் கேட்லின் சம்பந்தப்பட்ட ஒரு திருப்பம் இருக்கிறது. அது என்ன என்று சொல்ல மாட்டேன். தொடரில் அது வரவே இல்லை.

கேட்லினின் மகள் சான்ஸாவைப் பற்றிச் சுருக்கமாக. பிளாக்வாட்டர் சண்டை நடந்த இரவில் ஹவுண்ட் என்ற முரட்டு வீரன் அவள் அறைக்கு வந்து, ஒரு பாட்டைக் கேட்டுவிட்டுப் போகிறான். அவ்வளவுதான். ஆனால் அடுத்த நாவல்களில், அவன் தன்னை முத்தமிட்டதாக அவள் நினைத்துப் பார்க்கிறாள். நாமோ அந்த அறையில் அவளோடு இருந்தோம், முத்தம் எதுவும் நடக்கவில்லை. பயந்துபோன ஒரு சிறுமி தன் நினைவையே தைத்து மாற்றிக்கொள்வதை நாவல் ஒரு விளக்கமும் தராமல் காட்டிவிடுகிறது. இதைப் படம் பிடிக்க முடியாது. ஐந்தாம் சீசனில் அவளுக்குக் கொடுத்த கொடூரமான கல்யாணம் நாவலில் அவளுக்கு நடப்பதே இல்லை, அது வேறொரு பெண்ணின் கதை.

சரி, இதையெல்லாம் படித்துவிட்டுத் தொடரை ஒதுக்கிவிட்டால் பெரிய நஷ்டம். நாவல் யார் மனசுக்குள் போகவில்லையோ, அவர்களைத் தொடர் உயிரோடு கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது. முதல் சீசனின் ஐந்தாம் எபிசோடில் ராபர்ட்டும் செர்ஸியும் எதிரெதிரே உட்கார்ந்து, கையில் ஒயினோடு, பதினேழு வருடக் கல்யாணத்தைப் பற்றிப் பேசுகிறார்கள். நமக்குள் எப்போதாவது ஏதாவது இருந்ததா என்று அவள் கேட்கிறாள். அவர் இல்லை என்கிறார், அது உனக்கு எப்படி இருக்கிறது என்றும் கேட்கிறார். அவள் எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை என்று சொல்லிவிட்டு எழுந்து போகிறாள். நாவலில் இந்தக் காட்சி இல்லை, இருக்கவும் முடியாது, ஏனென்றால் பார்ப்பதற்கு அந்த அறையில் வேறு யாரும் இல்லை. செர்ஸியாக நடித்த லீனா ஹெடியின் முகத்தில் அந்த ஒரு நிமிடத்தில் தெரிவதை நாவலில் கண்டடைய நான்காம் புத்தகம் வரை காத்திருக்க வேண்டும். அங்கே கிடைக்கும் செர்ஸியும் இவ்வளவு இரக்கத்துக்கு இடம் தரும் செர்ஸி இல்லை.

டைவினும் அப்படித்தான். சார்லஸ் டான்ஸ் முதன்முதலில் திரையில் வரும்போது ஒரு மானைத் தோலுரித்துக்கொண்டே மகனுக்குப் புத்தி சொல்கிறார். மான் ராபர்ட்டின் குடும்பச் சின்னம். ஒரு வார்த்தை விளக்கம் இல்லாமல் இந்த ஆள் யார் என்று புரிந்துவிடுகிறது. இரண்டாம் சீசனில் ஆர்யா தன் பேரை மறைத்துக்கொண்டு அவருக்கு மது ஊற்றிக் கொடுக்கும் காட்சிகள் முழுக்கத் தொடரின் கற்பனை. நாவலில் அவள் அந்த வேலையைச் செய்வது ரூஸ் போல்டன் என்ற இன்னொரு பிரபுவுக்கு. நாவலை விட இது நல்ல யோசனை என்று தயங்காமல் சொல்வேன். நாவலில் பிறர் கண்ணில் ஒரு பெண்ணாக மட்டும் தெரியும் மார்ஜரி, நடாலி டார்மர் வந்ததும் தானே திட்டம் போடும் ஆளாகிவிடுகிறாள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நாவலின் தொடக்கத்தில் டெனேரிஸுக்கு 13 வயது, சான்ஸாவுக்கு 11, ராபுக்கும் ஜானுக்கும் 14. தொடரில் எல்லாருக்கும் வயதைக் கூட்டிவிட்டார்கள். டெனேரிஸின் கல்யாண அத்தியாயத்தைப் படிப்பது எனக்கு இரண்டாம் தடவையும் கஷ்டமாகவே இருந்தது. அந்த ஒரு மாற்றத்துக்காகத் தொடரைப் பாராட்டுவேன். அதற்காகத் தொடரைக் கூடத்தில் அப்பா அம்மாவோடு உட்கார்ந்து பார்க்கலாம் என்று நினைத்துவிடாதீர்கள். ரத்தமும் நிர்வாணமும் முதல் எபிசோடிலிருந்தே உண்டு.

நாவல்களைத் தாண்டித் தொடர் ஓடத் தொடங்கிய பிறகு, அதாவது ஐந்தாம் சீசனுக்கு அப்புறம், கதை வேகம் பிடிக்கிறது, மனிதர்கள் மெலிந்துபோகிறார்கள். ஏழாம் சீசனில் ஏழு எபிசோட், எட்டாம் சீசனில் ஆறு. கடைசிக்கு முந்தின எபிசோடில் டெனேரிஸ் செய்வது நடக்கவே முடியாத ஒன்று என்று நான் நினைக்கவில்லை. ஐந்தாம் நாவலில் மிரீன் நகரத்தை ஆள முடியாமல் அவள் தனக்குள் பேசிக்கொள்வதைப் படித்தவர்களுக்கு அந்த வெடிப்பின் விதை தெரியும். பார்த்தவர்களுக்கு அவள் முகம் மட்டும்தான் கிடைத்தது, அதற்கும் போதுமான நேரம் கொடுக்கவில்லை. ஆனால் ஒரு முடிவு என்று ஒன்று வேண்டும் என்பவர்களுக்கு இன்றைக்கு இருக்கிற ஒரே முடிவு தொடரில்தான் இருக்கிறது.

ஹவுஸ் ஆஃப் தி டிராகனுக்கு வந்தால் கணக்கே தலைகீழ். 'ஃபயர் அண்ட் பிளட்' நாவல் மாதிரி எழுதப்பட்டதே இல்லை. பல வருடங்கள் கழித்து ஒரு அறிஞர் பழைய ஏடுகளை வைத்து எழுதும் வரலாறு என்கிற பாவனையில் அது இருக்கிறது. ஒரு சம்பவத்துக்கு யூஸ்டஸ் என்ற குருக்கள் ஒன்று சொல்வார், மஷ்ரூம் என்ற அரண்மனைக் கோமாளி வேறொன்றைப் பச்சையாகச் சொல்வான், எது நிஜம் என்பது நம் பாடு. வாசிக்கச் சுவைதான். ஆனால் யார் மனசுக்குள்ளும் நாம் போவதில்லை.

அதனால் இங்கே மனிதர்களை மனிதர்களாக்குவது தொடர். புத்தகத்தில் ராஜா விசெரிஸ் விருந்தும் கேளிக்கையும் பிடித்த சாதாரண நல்ல மனிதர். பேடி கான்சிடைன் நடித்த விசெரிஸ் உடம்பு அழுகிக்கொண்டிருக்கும்போதே மகளுக்காகக் குடும்பத்தை ஒன்றாகப் பிடித்து வைக்கப் பார்க்கிறார். முதல் சீசனின் எட்டாம் எபிசோடில், பாதி முகத்தைத் தங்க முகமூடி மறைக்க, தடியை ஊன்றிக்கொண்டு, சிம்மாசனம் வரை ஒவ்வொரு அடியாக நடக்கிறார். கிரீடம் தலையிலிருந்து நழுவி விழ, வெறுப்பும் அன்பும் கலந்த தம்பி டேமன் அதை எடுத்து அண்ணன் தலையில் வைக்கிறான். புத்தகத்தில் இந்த நடை இல்லை. இந்த விசெரிஸ் தன் எழுத்தில் இருந்தவரை விட ஆழமானவர் என்று மார்ட்டினே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். புத்தகத்தில் ராஜாவின் மகள் ரெனீராவை விட ஒன்பது வயது மூத்த சித்தியான (அப்பாவின் இரண்டாம் மனைவி) அலிசென்ட், தொடரில் அவளுடைய சிறுவயதுத் தோழி. தோழி சித்தியாகிவிட்ட வலி மொத்தச் சண்டைக்கும் அடியில் ஓடிக்கொண்டே இருக்கிறது.

எல்லா இடத்திலும் தொடர் ஜெயித்துவிடவில்லை. இரண்டாம் சீசனின் தொடக்கத்தில் அலிசென்ட்டின் மகள் ஹெலேனாவின் அறைக்குள் கொலைகாரர்கள் புகும் இடத்தைப் பாருங்கள். புத்தகத்தில் அவளுக்கு இரண்டு மகன்கள். எவனைக் கொல்வது என்று அவளையே சொல்ல வைக்கிறார்கள். அவள் சின்னவனைச் சொல்ல, உன்னைத்தான் உன் அம்மா சாகச் சொல்கிறாள் என்று சின்னவனிடம் சொல்லிவிட்டு, பெரியவனைக் கொன்றுவிட்டுப் போகிறார்கள். உயிரோடு இருக்கும் மகனின் முகத்தை அதற்கப்புறம் அவளால் பார்க்க முடியவில்லை. சில பத்திகள்தான், தூக்கம் போய்விடும். தொடரில் அந்தச் சின்னவன் பிறக்கவே இல்லை. மார்ட்டின் 2024இல் இதைப் பற்றி வருத்தத்தோடு எழுதினார். எனக்கும் அவர் பக்கம்தான் நியாயமாகப் படுகிறது.

இவ்வளவுக்கும் நேரமில்லை என்பவர்கள் டங்க், எக் குறுநாவல்களிலிருந்து தொடங்கலாம். மூன்றும் 2015இல் 'எ நைட் ஆஃப் தி செவன் கிங்டம்ஸ்' என்ற ஒரே புத்தகமாக வந்துவிட்டன. வீடு வாசல் இல்லாத ஒரு நெட்டை வீரனும் மொட்டைத் தலைச் சிறுவனும் ஊர் சுற்றுகிறார்கள். எல்லாமே டங்கின் மனசு வழியாக வருகிறது, தன்னை மந்தபுத்தி என்று நம்பிக்கொண்டிருக்கும் நல்லவன். 2026இல் வந்த தொடரின் முதல் சீசன் முதல் குறுநாவலை ஆறே எபிசோடில் சொல்கிறது. இதில் எதை முதலில் எடுத்தாலும் பெரிதாகக் கெடாது.

ஆக, அக்கா மகளுக்கு நான் சொன்னது இது. முதல் மூன்று நாவல்களைப் படி. அந்தப் பெட்டியில் அது நான்கு புத்தகங்கள். முடித்ததும் முதல் நான்கு சீசன்களைப் பார், இரண்டும் ஏறக்குறைய ஒரே இடத்தில் வந்து நிற்கும். அப்போது டிரியனை உள்ளேயிருந்தும் தெரிந்துகொள்வாய், டைவினுக்கு முகமும் கிடைக்கும். மாற்றிச் செய்தால் ஜேமியை வெறுக்கும் வாய்ப்பே போய்விடும், ஏனென்றால் தொடரில் அவன் முதல் சீசனிலிருந்தே கண்ணுக்கு லட்சணமாக, சிரிப்பு வரப் பேசிக்கொண்டிருப்பான். நான்காம், ஐந்தாம் நாவல்களை முடிவில்லாமல் நிற்கும் கதை பரவாயில்லை என்று தோன்றினால் எடு. பொறுக்காது என்றால் மிச்ச சீசன்களைப் பார்த்துவிடு. ஹவுஸ் ஆஃப் தி டிராகனை மட்டும் நேராகப் பார். புத்தகத்தை அப்புறம் எடுத்தால், தெரிந்த முகங்களைப் பற்றி யூஸ்டஸும் மஷ்ரூமும் ஆளுக்கொன்று சொல்வதில் இன்னொரு ருசி இருக்கும்.

நாவலைத் தொடங்குகிறவர்களுக்கு ஒன்று. முதல் நூறு பக்கத்தில் பெயர்கள் மழை மாதிரி கொட்டும், அங்கேதான் நிறையப் பேர் மூடி வைத்துவிடுகிறார்கள். புத்தகத்தின் கடைசியில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் யார் யார் என்று பட்டியல் இருக்கிறது. அங்கே ஒரு விரலை வைத்துக்கொண்டே படிக்கலாம்.

அவள் போன வாரம் முதல் புத்தகத்தை வாங்கிவிட்டாள். நேற்று ராத்திரி பதினோரு மணிக்கு மெசேஜ் வந்தது: "சித்தி, ஜான் அரின் யாரு? எல்லாரும் அவரைப் பத்தியே பேசறாங்க." கடைசிப் பக்கங்களைப் பார் என்று பதில் போட்டேன். ஜான் ஸ்னோவோடு குழப்பிக்கொள்ளாதே என்றும் சேர்த்துப் போட்டேன்.